ஒரே நேரத் தேர்தல்: கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களின் நிலைப்பாடு

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடத்த 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகமான 129ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை எங்கள் சங்கம் எதிர்க்கிறது.

ஒன்றாக வாக்களிப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரத்தின் தடா. 2024 மே 13 அன்று அங்கே இரண்டு தேர்தலும் ஒன்றாகத்தான் நடந்தன. யார் குடியும் முழுகிவிடவில்லை. தமிழ்நாட்டிலும் 1952 முதல் 1971 வரையும், பிறகு 1984, 1991, 1996லும் அப்படித்தான். தானாகப் பொருந்தி வருவது வேறு, சட்டம் போட்டுக் கட்டிவைப்பது வேறு.

கட்டிவைத்தால் எதை இழப்போம் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளும் அணியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் எதிர்ப்புதான் முதல் காரணம். ஆனால் மறு ஆண்டே மக்களவைத் தேர்தல் என்பதையும் மறக்க முடியாது. சட்டமன்றத் தேர்தல் வரும் 2026 வரை வாக்குச்சாவடியே திறக்காது என்றிருந்தால், தோழமைக் கட்சிகளின் குரலுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா?

மசோதாவின்படி, ஆட்சி இடையில் கலைந்தால் புதிய சட்டமன்றத்துக்கு மீதிக் காலம் மட்டுமே. 1980 ஜனவரியில் மக்களவைக்கு 39இல் 37 இடங்களைத் திமுக, காங்கிரஸ் அணிக்குக் கொடுத்த மக்கள், பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட்ட எம்.ஜி.ஆரை மே மாதத்தில் மறுபடி கோட்டைக்கு அனுப்பினார்கள். இந்த மசோதா அன்று சட்டமாக இருந்திருந்தால், அவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு வருடச் சொச்சம்தான்.

அடிக்கடி தேர்தல் வந்தால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள், உற்பத்தி கெடுகிறது என்கிறது நிர்வாகத் தரப்பு. பாதி உண்மை. பீகார்த் தொழிலாளி 2024இல் மக்களவைக்கும் 2025இல் சட்டமன்றத்துக்குமாக இரண்டு முறை ரயிலேற வேண்டியிருந்தது. டிக்கெட்டும் போன நாள்களின் கூலியும் அவர் கைக்காசு. அவர் இருக்கும் ஊரிலேயே வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகள் முன் வைத்தது. கட்சிகள் ஒப்பவில்லை, பேச்சு நின்றுபோனது. எங்களுக்கு ஆதரவான கட்சிகளும் அதில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சை மறுபடி தொடங்கட்டும்.

வாக்குப்பதிவு நாளில் தினக்கூலித் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை. ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியின் நாள்கூலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது அந்தத் தொகை. நாடாளுமன்றம் திருத்த விரும்பினால் முதலில் அதைத் திருத்தட்டும்.