கைப்பக்குவம் சமையலுக்கு

கோவைப் பட்டறைகளின் கைப்பக்குவத்தைக் கலையென்று சிலாகிக்கும் எழுத்துகளை நாம் மறுக்கிறோம். போல்ட் ஒரு ஸ்பிரிங். இம்மியளவு நீண்டு, அந்த இழுவிசையால்தான் கியர்பாக்ஸைப் பிடித்து நிற்கிறது. தரும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்விலேயே கரைகிறது. மரையில் எண்ணெய் பட்டால் அதே முறுக்குக்குப் போல்ட் கூடுதலாக நீளும், அறுந்தும் போகலாம். இதைக் கை எப்படி உணரும்? ஆகவேதான் மரையின் நிலையைக் கவனித்து, கையேடு சொல்லும் எண்ணுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

பள்ளிப்படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடுவைச் சான்று காட்டுவார்கள். 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கியவர் அவர். ஏளனம் செய்தது ஏட்டுப்படிப்பை, அளவையை அல்ல. மயிரிழை இடைவெளி கேட்கும் மின்மோட்டார் 1937இல் கோவையில் உருவானது குருட்டுக் கணக்கிலா?

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்குக் கைராசி தெரியாது.