96 வடத்தை எண்ணியவர்களுக்கு

ஜம்முவில் இருக்கிற அஞ்சி காட் ரயில் பாலத்துல மொத்தம் 96 வடம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல தென்னை வச்சிருக்கிற எனக்கு இது தெரியக் காரணம் நீங்கதான். சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைங்க வாட்ஸ்அப் குரூப்புல மாசம் தவறாம டிரோன் படம் போட்டாங்க. தூண் ஏறிடுச்சு, தளம் நீண்டுடுச்சு, கடைசி வடம் மாட்டியாச்சு. 2025 ஜூன் 6-ம் தேதி பிரதமர் திறந்து வச்சப்போ குரூப் முழுக்கக் கைதட்டல்.

பெரிய வேலைதான், மறுக்கல. அஸ்திவாரத்துல இருந்து 193 மீட்டருக்கு ஒத்தைத் தூண். நம்ம ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. அதுமாதிரி மூணை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினாலும் எட்டாது. தளத்தைத் துண்டு துண்டா நீட்டி, நீட்ட நீட்ட வடத்தால தூணோட இழுத்துக் கட்டியிருக்காங்க. ஆடிப்பூரத் தேர் இழுத்தவனுக்கு வடத்தோட அருமை தெரியும். முதல்ல அங்க வளைவுப் பாலம்தான் கட்டுறதா இருந்தாங்க. நொறுங்கிக் கிடக்கிற மலை அதுக்குத் தோதுப்படாதுன்னு தெரிஞ்சு திட்டத்தையே மாத்தினாங்க. தாமதம்தான். ஆனா ஏன் தாமதம்னு நாட்டுக்கே தெரிஞ்சது.

எங்க ஓடைப் பாலம் ஏன் நிக்குதுன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எவரும் சொல்லல.

மலையில மழை இறங்கினா ரெண்டு மணி நேரத்துல வெள்ளம் வர்ற ஓடை அது. இருந்த தரைப்பாலத்தை இடிச்சுட்டு, உயரமா கட்டித் தர்றோம்னு வந்தாங்க. நாலு தூண் எழும்புச்சு. மூணு ஐப்பசி போயிடுச்சு. தூண் தலையில நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி துருப்பிடிச்சு, கொக்கு உட்கார உதவுது. லாரி தோப்புக்கு வராது. தேங்காயை டிராக்டர்ல ஏத்தி ஏழு கிலோமீட்டர் சுத்திக் கொண்டு போறோம். வியாபாரி அந்தக் கூலியைக் காய்க்கு ஒரு ரூபாய்னு எங்க கணக்குலதான் கழிக்கிறார். போன கார்த்திகையில பிள்ளைங்க நாலு நாள் பள்ளிக்கூடம் போகல.

"ஊர்க்காரங்க நீங்க கேட்க வேண்டியதுதானே"ம்பீங்க. கேட்காமலா இருந்தோம்? கிராமசபையில தீர்மானம் போட்டோம். குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுத்தோம். ரசீது ஒரு கட்டு இருக்கு. நாங்க கேட்டா அது மனு. நீங்க படம் எடுத்துப் போட்டா அது செய்தி. 725 மீட்டர் பாலத்துக்கு இத்தனை ஆயிரம் கண்காணி இருந்தீங்களே, முப்பது மீட்டருக்கு ஒருத்தர்கூடவா கிடைக்க மாட்டீங்க? அந்தப் பாலத்துல நீங்க என்னிக்குப் போவீங்களோ தெரியாது. இந்த ஓடையத் தாண்டித்தான் உங்க அப்பா அம்மா ரேஷன் கடைக்குப் போறாங்க.

பொங்கலுக்கு வர்றப்போ அந்த டிரோனை எடுத்துட்டு வாங்க. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, முடிக்க வேண்டிய தேதி எது, இதுவரைக்கும் எவ்வளவு பணம் கொடுத்தாச்சு — தகவல் உரிமைச் சட்டத்துல கேட்க பத்து ரூபாய்தான் கட்டணம். பேப்பர் நான் வாங்கித் தர்றேன், நீங்க எழுதுங்க. கார் தூண் வரைக்கும் வரும். அங்கிருந்து இறங்கி நடக்கணும்.