அந்த எண் எதை அறியும்?



கடந்த ஆண்டு ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் செய்த பிழையை இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன். ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வில் நம் சபை வாலிபர் ஒருவர் 98 பெர்சன்டைல் பெற்றிருந்தார். அறிவிப்பு வேளையில் அவரை முன்னே அழைத்து, அந்த எண்ணைச் சொல்லி, உங்கள் அனைவரையும் கைதட்டச் செய்தேன். அதே தேர்வை எழுதிய இன்னொரு தம்பி கடைசி வரிசையில் அமர்ந்திருந்ததை நான் நினைக்கவில்லை. அதன்பின் மூன்று மாதங்கள் அவர் ஆராதனைக்கு வரவில்லை. “யாராவது ‘நீ எவ்வளவு?’ என்று கேட்டுவிடுவார்களோ என்று கூசுகிறான், ஐயா” என்று அவருடைய தாயார் சொன்னபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? ‘கேட்’ 120 நிமிடத் தேர்வு. மொழித்திறன், தரவுகளை ஆராய்ந்து தர்க்கிக்கும் திறன், கணிதத்திறன் ஆகிய மூன்றை அது சோதிக்கிறது. பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அன்று. எழுதியவர்களின் வரிசையில் ஒருவர் நிற்கும் இடம். 98 என்றால் நூறு பேரில் ஏறத்தாழ 98 பேர் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்த ஒரு நாளில், அந்த மூன்று திறன்களில், அவ்வளவே.

அமெரிக்காவின் ‘ஜிமேட்’ தேர்வும் இத்தகையதே. 1953-இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடி எடுத்த முயற்சியில் அது பிறந்தது. விண்ணப்பிப்பவர் மேலாண்மைப் படிப்பைத் தாங்குவாரா என்று அறிவதே அதன் நோக்கம். அந்த வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்கிறது. அதில் உயர்ந்தவர்கள் முதலாண்டு வகுப்பிலும் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் அந்த எண்ணிடமே நாம் கேட்கிறோம்.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஸ்டெர்லிங் லிவிங்ஸ்டன் 1971-இல் எழுதிய கட்டுரையில், வகுப்பறை மதிப்பெண் ஒரு நிர்வாகியின் பிற்கால வெற்றியை முன்னறிவிப்பதில்லை என்று வாதிட்டார். அவர் காட்டிய காரணம் சிந்திக்கத்தக்கது. வகுப்பறையில் சிக்கலை ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். தீர்ப்பது மட்டுமே மாணவரின் வேலை. பணியிடத்திலோ சிக்கல் எங்கே மறைந்திருக்கிறது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படியானால் மதிப்பெண் வீணா? அப்படியும் சொல்லலாகாது. 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் முந்தைய ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே திரட்டிப் பார்த்தனர். கல்லூரி மதிப்பெண்ணுக்கும் பணித்திறனுக்கும் தொடர்பு உண்டு என்றும், படிப்பு முடிந்த முதல் ஆண்டில் வலுவாயிருக்கும் அத்தொடர்பு காலம் செல்லச் செல்லக் குறைகிறது என்றும் கண்டனர். மேலும், உயர்ந்த எண் பெற்றவர்களே கல்லூரிக்குள் நுழைவதால், உள்ளே இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் எண்ணின் பயன் சிறியதாகவே தெரியும். கூடைப்பந்து அணியில் எல்லாரும் உயரமானவர்கள். அதனால் அவ்விளையாட்டுக்கு உயரம் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆகவே வாலிபரே, கருத்தாய்ப் படியுங்கள். அந்த எண் வாசற்கதவைத் திறக்கும். முதல் வேலையையும் பெற்றுத் தரக்கூடும். உள்ளே சென்றபின் நடக்க வேண்டியவர் நீங்கள்.

ஈசாயின் வீட்டுக்குச் சென்ற சாமுவேல் தீர்க்கதரிசியும் மூத்த மகனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு முதலில் ஏமாந்தார். ஏழு பேர் அவர்முன் கடந்து சென்றார்கள். தேடப்பட்டவனோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவனை அழைக்க வேண்டும் என்ற எண்ணம் தகப்பனுக்கே வரவில்லை.

நான் குறிப்பிட்ட தம்பி இப்போது மீண்டும் நம்மோடு ஆராதிக்கிறார். சென்ற மாதம் நம் சபையின் உதவி நிதிக் கணக்கைச் சரிபார்க்க உதவினார். விதவைகளுக்கான உதவியைப் பெற்றுக்கொள்ளாத மூன்று பெயர்களை அவர் கவனித்து, அவர்கள் வீடுகளுக்கே சென்று விசாரித்தார். மூவரும் நடந்து வர இயலாத முதியவர்கள். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகளாக அதே கணக்கில் கையொப்பமிட்ட நானும் அதைக் காணவில்லை. இதனால் அவர் நாளை பெரிய நிர்வாகியாவார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழைய பிழையையே வேறு அளவுகோலால் செய்தவனாவேன்.

இனி நம் ஆலயத்தில் தேர்வு எண்கள் வாசிக்கப்படமாட்டா. தேர்வெழுதிய பிள்ளைகள் அனைவரையும் ஒன்றாக முன்னே அழைத்து ஜெபிப்போம். பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையிடம் எண்ணைக் கேட்குமுன், “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள்.

உங்கள் அன்புள்ள போதகர்