தினம் பத்து ஃப்ரேஸல் வெர்ப்

ஆங்கிலம் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு பட்டியல் இருக்கிறது. 'கிவ் அப்' என்றால் கைவிடுதல், 'கிவ் இன்' என்றால் பணிதல், 'கிவ் அவே' என்றால் கொடுத்துவிடுதல். நாளுக்குப் பத்து, நூறு நாளில் ஆயிரம். கூடவே இலவச இணைப்பாக 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. பத்து வருட மென்பொருள் வேலையில் எத்தனையோ அமெரிக்கர்களோடும் ஆங்கிலேயர்களோடும் பேசியாகிவிட்டது. மழையை அப்படிச் சொன்ன ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. நம் ஊர்ப் புத்தகங்களில் மட்டும் நாயும் பூனையும் இன்னும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பட்டியல்கள் பயனற்றவை என்பதோடு விஷயம் முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவை தீங்கும் செய்கின்றன என்பதுதான் என் வாதம்.

இது கடினமான பகுதி என்பதை மறுக்கவில்லை. 1755இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவரை அதிகம் திணறடிக்கிறது என்று சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது அந்நியச் சங்கதி இல்லை. நம் மொழியே இப்படித்தான் ஓடுகிறது.

'குழந்தையைப் பார்', 'குழந்தையைப் பார்த்துக்கொள்' இரண்டும் ஒன்றா? 'லுக்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுக்கும் நடுவில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். 'கண்டுபிடி' என்கிறோம், கையால் எதையும் பிடிப்பதில்லை. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதையும் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தால் விடை வராது. 'போட்டுக்கொடுத்துட்டான்' என்றால் ஆபீஸில் வேலை பார்க்கும் எவருக்கும் உரை தேவையில்லை. 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்', 'யூஸ் அப்' இவற்றில் வரும் 'அப்' யாரையும் மேலே ஏறச் சொல்லவில்லை, மிச்சம் வைக்காதே என்கிறது. 'சாப்பிட்டுவிடு' என்பதில் வரும் 'விடு'வும் எதையும் விடச் சொல்லவில்லை, முடி என்கிறது. எல்லா 'அப்'புக்கும் 'விடு' பொருந்தாதுதான். ஆனால் அந்த இயந்திரம் ஐந்து வயதிலேயே நம் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. துணைவினையைத் தமிழ் வகுப்பில் ஒருவர் நடத்துகிறார், ஃப்ரேஸல் வெர்பை ஆங்கில வகுப்பில் இன்னொருவர் நடத்துகிறார். இருவரும் ஒரே ஆசிரியர் அறையில்தான் டீ குடிக்கிறார்கள். அங்கே ஒரு பேச்சு நடந்திருந்தால் ஆயிரம் வரிப் பட்டியலில் பாதி குறைந்திருக்கும்.

பட்டியல் இல்லாமலே நாம் கற்றவை எவ்வளவு என்று பாருங்கள். மெக்கானிக் 'பிரேக்டவுன்' என்கிறார், ஆட்டோக்காரர் 'பிக்கப்' என்கிறார். படப்பிடிப்பில் 'பேக்கப்' என்றால் மூட்டையைக் கட்டு என்று பொருள், எங்கள் தொழிலில் 'பேக்கப்' என்றால் பத்திரமாக நகல் எடுத்து வை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஒருவரும் குழம்பியதில்லை. வேலைக்குள் கிடந்து வந்த சொல், அதனால் தங்கியது.

இனி தீங்குக்கு வருகிறேன். சில வருடங்களாக நேர்முகத் தேர்வுக் குழுக்களில் உட்கார்கிறேன். ஒருமுறை வந்தவர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த பெண். டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எப்போது தேடலை வேகப்படுத்தும், அதுவே எழுதும்போது எப்படி வேகத்தைக் குறைக்கும் என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். எளிய, தெளிவான ஆங்கிலம். பிறகு என் பக்கத்தில் இருந்தவர், கல்லூரி ப்ராஜெக்ட்டை எப்படி 'புல் ஆஃப்' செய்தீர்கள் என்று கேட்டார். எதை இழுத்தோம் என்று அந்தப் பெண் திகைத்தார். படிவத்தில் 'கம்யூனிகேஷன் பலவீனம்' என்று ஏறியது. என் மறுப்பு அதற்குக் கீழே ஒரு வரியாக நின்றது. வேலை கிடைக்கவில்லை.

அங்கே கம்யூனிகேஷனில் தோற்றது யார்? 'எப்படி முடித்தீர்கள்' என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். இத்தனைக்கும் நம் ஊர் வேலை விளம்பரங்களில் '2024 பாஸ் அவுட்' என்று கூசாமல் போடுகிறார்கள். லண்டனில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. நமக்குள் அது பட்டம் பெறுவதாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தச் சலுகை கேட்பவருக்கு மட்டும்தானா, பதில் சொல்பவருக்குக் கிடையாதா?

'க்ளையண்ட் அப்டித்தான் சார் பேசுவாங்க, புரியலைன்னா வேலைக்கு ஆபத்து' என்பார்கள். ஆபத்தைப் பற்றி விமானத் துறையைவிட அதிகம் யோசித்தவர்கள் உண்டா? விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு 'சிம்ப்ளிஃபைட் டெக்னிகல் இங்கிலீஷ்' என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. 1980களில் ஐரோப்பிய விமானத் துறையில் உருவானது. அனுமதிக்கப்பட்ட சொற்களுக்கு ஓர் அகராதி, ஒரு சொல்லுக்குக் கூடியவரை ஒரே பொருள், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. ஃப்ரேஸல் வெர்ப் உண்டாக்காதே என்பதும் அதில் ஒரு விதி. படிக்கும் மெக்கானிக் எந்த நாட்டவராகவும் இருக்கலாம், அவர் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர்ப் பிரச்சினை. ஆகவே திருத்திக்கொள்ள வேண்டியவர் எழுதுபவர்தான் என்று முடிவெடுத்தார்கள்.

இடியம் தெரிந்தவர்களுக்குள்ளும் புரிதல் உத்தரவாதம் இல்லை. 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. உலகப்போரின் நடுவே இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் சண்டை போட்டதைச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இருதரப்புக்கும் ஆங்கிலம்தான் தாய்மொழி.

அப்போ கத்துக்கவே வேணாமா? கற்கலாம். வேலையில் காதில் விழுவதை, விழுந்த வாக்கியத்தோடு சேர்த்து, பார்த்துக்கொள்ளவும் கண்டுபிடிக்கவும் தெரிந்த தமிழின் வழியாகக் கற்கலாம். புரியாதபோது 'வேறு சொல்லில் கேளுங்கள்' என்று ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்ல முதல் நாளே பழக்கலாம். ஆயிரம் வரிப் பட்டியலைவிட அந்த ஒரு வரி அதிகம் உழைக்கும்.

தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். கேள்வி புரியவில்லை என்று ஒருவர் விழித்தால், மதிப்பெண் போடும் முன் கேள்வியை ஒருமுறை மாற்றிக் கேளுங்கள். பத்து விநாடி ஆகும். அதற்குப் பிறகும் பதில் வரவில்லை என்றால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.