திறந்த கல்லறையும் திறவாத மேடும்

ஷியான் நகருக்குப் போய்ச் சுடுமண் வீரர்களைப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மனக்குறையோடுதான் திரும்புகிறார்கள். 1974இல் கிணறு தோண்டிய உழவர்களின் கைக்கருவியில் தட்டுப்பட்ட அந்தப் படை, வெறும் காவற்படைதான். அது யாரைக் காக்கிறதோ அந்தப் பேரரசர் சின் ஷி ஹுவாங், மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், மரங்கள் அடர்ந்த ஒரு மண்மேட்டின் அடியில் இன்னும் தோண்டப்படாமல் கிடக்கிறார். மேட்டை ஏன் திறக்கவில்லை என்ற ஏக்கத்தோடு முடியும் பயணக் கட்டுரைகளை நாம் நிறையவே படித்துவிட்டோம். சிலர் ஏக்கத்தோடு நிற்பதில்லை. வரலாறு மனித குலத்தின் பொதுச்சொத்து, அதைப் பூட்டிவைக்க எவருக்கும் உரிமையில்லை என்று வழக்குரைக்கிறார்கள்.

இந்த வழக்கை நான் முற்றாக மறுக்கிறேன். மறுப்பதற்கான சான்று ஷியானில் இல்லை. பெய்ஜிங்குக்கு வடக்கே, மிங் பேரரசர்கள் பதின்மூவரின் கல்லறைகள் உள்ள பள்ளத்தாக்கில், டிங்லிங் என்ற இடத்தில் இருக்கிறது.

டிங்லிங், 1572 முதல் 1620 வரை ஆண்ட வான்லி பேரரசரின் கல்லறை. படிகளில் இறங்கி இறங்கி அந்த நிலத்தடி மாளிகையை அடைந்தபோது எனக்கும் முதலில் வியப்புதான் எழுந்தது. பெரும் பளிங்குக் கதவுகள், கல் அரியணைகள், அணையா விளக்குக்கு எண்ணெய் நிரப்பிய நீலப்பூ வேலைப்பாட்டுப் பீங்கான் சாடிகள். கடைசி அறையில் சிவப்பு வண்ணம் பூசிய மூன்று பெரிய சவப்பெட்டிகள். கூட்டம் தடுப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றை எட்டிப் பார்க்கிறது. அவை மூன்றும் போலிகள். அவற்றினுள்ளே எவருமில்லை.

ஏனில்லை என்பதுதான் கதை. மிங் வரலாற்றறிஞரும் பெய்ஜிங்கின் துணை மேயருமான வு ஹானும், கவிஞர் குவோ மோருவோவும் முன்னின்று கேட்டதன்பேரில் 1956இல் அகழ்வு தொடங்கியது. இலக்கிய வரலாற்றாசிரியர் ஜெங் ஜென்துவோவும் தொல்லியல் அறிஞர் ஷியா நாயும் எதிர்த்தார்கள். வெளியே வரும் பொருள்களைக் காப்பாற்றும் திறம் நமக்கு இன்னும் கைகூடவில்லை என்பது அவர்கள் வாதம். அது எடுபடவில்லை. 1957இல் கதவு திறந்தது. மூவாயிரம் அளவில் பொருள்கள் கிடைத்தன. பட்டுத் துணிகள் மூன்றரை நூற்றாண்டுகளாக இருளில் காத்த நிறத்தை வெளிக்காற்றில் இழந்தன. விறைத்தன, நொறுங்கின.

அருங்காட்சியகம் 1959இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், போலிப் பெட்டிகள் தயாரானதும், அசல் சவப்பெட்டிகளைக் குப்பையென வெளியே எறிந்தார்கள். 1966 ஆகஸ்டில் செங்காவலர்கள் வந்தார்கள். வான்லியின் எலும்புகளையும் அவருடைய இரண்டு பேரரசிகளின் எலும்புகளையும் வெளியே இழுத்துப்போட்டு, கண்டனக் கூட்டம் நடத்தி, எரித்தார்கள். வு ஹான் எழுதிய நாடகம் ஒன்றைத் தாக்கியதில்தான் கலாசாரப் புரட்சியே மூண்டது. அவர் 1969இல் சிறையில் மாண்டார். அகழ்வு குறித்த முழு அறிக்கை 1990இல்தான் அச்சேறியது. அறிவுக்காகத் திறந்த கல்லறை தன் அறிவைத் தர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் உடல்கள் சாம்பலாகிவிட்டன.

அன்றைய நுட்பம் வேறு, இன்றைய நுட்பம் வேறு என்பார்கள். 1956இல் தோண்டியவர்களும் தம் காலத்து நுட்பத்தை நம்பித்தான் தோண்டினார்கள். சுடுமண் வீரர்களையே எடுத்துக்கொள்வோம். மண்ணுக்குள் இருந்தபோது அவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வண்ணங்கள் இருந்தன. காற்றுப் பட்டதும் வண்ணத்துக்கு அடியிலிருந்த அரக்குப் பூச்சு ஈரமிழந்து, சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்தது. அதை ஒட்டிநிறுத்தும் முறையை அறிஞர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். முதலில் வெளிவந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. இன்று நாம் வரிசையாகக் கண்டு மெய்சிலிர்க்கும் அந்த மண்ணிறம், உண்மையில் ஓர் இழப்பின் நிறம்.

வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அகழ்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுமானப் பணியில் தானாக வெளிப்பட்டுவிட்ட மாவாங்துயி கல்லறையை 1972இல் தோண்டினார்கள். தோண்டாவிட்டால் அழிந்திருக்கும். ஆபத்திலிருப்பதை மீட்பது கடமை. பத்திரமாக இருப்பதைத் திறப்பது ஆசை. ஆசைக்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உண்மையிலேயே அறிவுப்பசி உள்ளவருக்கு அந்த மேடு மூடியிருப்பது தடையே இல்லை. கல்லறைக்குள் பாதரசத்தால் ஆறுகள் அமைத்தார்கள் என்று சிமா சியென் எழுதியது வெறுங்கதையா என்று அறிய மேட்டை உடைக்கவேண்டியிருக்கவில்லை. மேல்மண்ணை ஆராய்ந்தே அங்கு பாதரசம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மேட்டுக்கு வெளியே, அதைக் கட்டியெழுப்பிய கூலியாட்களின் புதைகுழிகளும் கிடைத்தன. அங்கே உடைந்த ஓட்டுத்துண்டுகளில் சிலருடைய பெயரும் ஊரும் கீறப்பட்டிருந்தன. பேரரசரின் முகத்தைக் காணத் துடிக்கும் பயணக் கட்டுரைகளில் அந்த ஓட்டுத்துண்டுகளைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. திறந்து கிடப்பதை வாசிக்கப் பொறுமையில்லாதவர்கள்தாம் மூடியிருப்பதைத் திற என்கிறார்கள்.

மூடிய கல்லறையை நாளையும் திறக்கலாம். திறந்த கல்லறையை மறுபடி மூடமுடியாது. இந்த எளிய கணக்கு புரியாதவர்கள் ஒருமுறை டிங்லிங்குக்குப் போய்வரட்டும். அங்கே கம்பிகளுக்கு அப்பால் மூன்று சிவப்புப் பெட்டிகள் வெறுமையாக இருக்கின்றன. நம் ஆசையின் விலை அதுதான்.