தலை எண்ணிக்கையும் லிப்டுப் பலகையும்

அரியாங்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வேனில் போகும் ஒருவர், சக்கர நாற்காலியோடு லிப்டுப் பலகையில் ஏறித்தான் உள்ளே செல்லவேண்டும். இடுப்பளவு உயரத்தில் பலகை சரிந்தாலோ, ஓரத்தடுப்பு மடங்கினாலோ, அவர் குதித்துத் தப்ப இயலாது. பழுதுள்ள யந்திரத்தை விற்றவனே திரும்ப அழைத்துச் செப்பனிட்டுக் கொடுப்பது தர்மம். அது சட்டமாகவும் இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிறது. இந்த லிப்டுகளுக்கென்றே 2002-ல் அங்கே தனி விதிகள் வகுத்தார்கள். பலகை மடங்கி அடங்கும்வரை வண்டி நகரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பிரான், ரிக்கான் கம்பெனிகளின் லிப்டுகள் திரும்ப அழைக்கப்பட்டதுமுண்டு.

நமது தேசத்தில், 2019-ம் வருஷத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமுலிலுள்ளன. 7 வருஷத்துக்குட்பட்ட வண்டியில் பழுதென்று சொந்தக்காரர் இத்தனை பேர் முறையிட்டால் சர்க்கார் உத்தரவிடலாம். லக்ஷக்கணக்கில் விற்கும் கார்களுக்கு இது சரி. லிப்டு வேன்களோ சொற்பம்; அவற்றின் சொந்தக்காரர்கள் ஊருக்கொருவராகச் சிதறியிருப்பவர்கள். போதாததற்கு, வண்டி செய்தவர் ஒருவர், பிறகு லிப்டு பொருத்தியவர் வேறொருவர். பரஸ்பரம் கைகாட்டித் தப்ப வெகு வசதியான ஏற்பாடு!

ஆயினும் அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பரிசோதனை ஸ்தாபனம் தெரிவித்தாலும், வேறு வழியாகத் தெரியவந்தாலும் போதும். ஓர் உறுப்பில் பழுதென்றால் அவ்வுறுப்புள்ள வண்டிகள் யாவற்றையும் அழைக்கச் சொல்லலாம். லிப்டு விஷயத்தில் மத்திய சர்க்கார் தலை எண்ணாமல் இவ்வழியைக் கையாளவேண்டும். புதுவைப் போக்குவரத்து இலாகாவினரும், தகுதிச் சான்று கொடுக்குமுன் பலகையில் பாரமேற்றி இறக்கிப் பார்க்கட்டும்.