வாக்குச்சீட்டும் லயக் காம்பிராவும்

எல்லயின் எழிலை வியந்து புகைவண்டியிலிருந்து இறங்கும் அன்பர்களே, தேயிலைச் சரிவின் லயங்களையும் சற்றே நோக்குங்கள்!

குடியியல், அரசியல் உரிமைகளை ஒரு கூடையிலும், பொருளாதார, சமூக உரிமைகளை மறு கூடையிலும் இட்டு, 1966-இல் ஐக்கிய நாடுகள் சபை இரு உடன்படிக்கைகள் செய்தது. முன்னவை உடனே தரவேண்டியவையாம். பின்னவை படிப்படியாக வருமாம்! தோட்டத் தொழிலாளியின் வாழ்வு இப்பாகுபாட்டை அறியாது. 1948-இல் அவனது குடியுரிமையைப் பறித்தார்கள். மறு ஆண்டே வாக்கும் போயிற்று. வாக்கற்றவன் வீடு கேட்டால் எந்த மந்திரி செவிசாய்ப்பான்?

2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது என்றனர். காம்பிராவோ தோட்டத்தின் சொத்தாகவே நின்றது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தென்று முன்பே எச்சரித்திருந்தனர். எங்கே பெயர்வது? பெரும்பாலோர்க்குச் சொந்தமாய் ஒரு பேர்ச் நிலமும் இல்லை. வாக்குரிமை பெற்றிருந்த மக்கள்தாம் அவர்கள்.